தாய்மாமனுக்கு ஜன்னல் சீட்டு

பசங்களா, மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். உங்க டூரிசம் காலேஜ் நோட்டீஸ்ல "ஓய்வு பெற்ற மூத்த பயண ஆலோசகர் ஸ்டெல்லா மேடம்"னு போட்டிருக்கீங்க. ஆலோசகர்னா யாரு, என்ன பண்ணுவாருன்னு எனக்குத் தெரியாது. நான் டிக்கெட் போட்டவ. காஞ்சிபுரத்துல ஒரே டிராவல்ஸ் ஆபீஸ்ல, ஒரே நாற்காலியில உக்காந்து, வயசான காலம் வரைக்கும் டிக்கெட் போட்டவ. ஓய்வு பெத்தேனா, ஓய்வு குடுத்தாங்களான்றதை நான் பேசி முடிச்சப்பறம் நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

பேசச் சொன்ன தலைப்பு அதைவிட ஜோர். "பெருந்தொற்றுக்குப் பின் விடுமுறைப் பயணமும் வரப்போகும் விமான நிலையமும்: வாய்ப்புகள்." சுவத்துல படம் வேற ஒட்டியிருக்கீங்க. கோபுரத்து மேல பிளேன் பறக்குது. எந்தக் கோபுரம்னு கண்ணாடி போட்டுப் பாத்தா அது நம்ம ஊரு கோபுரமே இல்ல. நெட்டுல மொதல்ல வந்ததை எடுத்து ஒட்டிட்டீங்க. தெருவுக்கு ஒரு கோயில் இருக்கற ஊர்ல பொறந்த புள்ளைங்க. நல்லா இருங்கப்பா.

வாய்ப்பைப் பத்தி நான் என்ன சொல்றது? நம்ம ஊருக்குப் பக்கத்துல ஏர்போர்ட் வருதுன்னு பேச்சு வந்த அன்னிக்கே எல்லாரும் அதுல ஏறி உக்காந்துட்டாங்க. ஏனாத்தூர் பக்கம் போனா "ஏர்போர்ட்டுக்குப் பத்தே நிமிடம்"னு மனை விக்கிற போர்டு. எதிர்த் திசையில எங்க முசரவாக்கத்துக்கு வந்தா அங்கயும் அதே பத்து நிமிடம். ஓடுதளம் எந்தப் பக்கம் பாத்து நிக்கப் போவுதுன்னு அளக்கறவனுக்கே இன்னும் புடிபடல, போர்டு வெச்சவனுக்கு நிமிஷம் வரைக்கும் தெரியுது. அம்மாம் ஞானம்.

எங்க முதலாளியும் அந்த ஞானிங்கள்ல ஒருத்தர்தான். லாக்டவுன்ல ஆபீஸ் ஷட்டரை மூடிட்டு மாஸ்க் வித்தார், கபசுரக் குடிநீர்ப் பொடி வித்தார், கடைசில முருங்கைக்காய் கூட வித்தார். அதைக் குத்தமா சொல்லல, வயிறு எல்லாருக்கும் இருக்குது. அப்பறம் கட்டுப்பாட்டைத் தளர்த்தினாங்க. ஜனங்க கட்டவுத்து வுட்ட மாடு மாதிரி கெளம்புச்சு பாருங்க! மூக்குல குச்சி வுட்டுக்கினாவது எங்கயாவது போயே ஆவணும்னு நின்னாங்க. எந்த ஊர்னு கேட்டா, "எந்த ஊரா இருந்தா என்ன மேடம், எங்க வீடு இல்லாத ஊரா பாத்துப் போடுங்க"ன்னாங்க. எனக்கு அது புரிஞ்சுது. அத்தனை நாள் ஜன்னல் வழியா ஒரே தெருவைப் பாத்தவங்க அப்படித்தான் சொல்லுவாங்க.

முதலாளிக்கு வேற மாதிரி புரிஞ்சுது. ஒரு பக்கம் ஜனம் பறக்குது, இன்னொரு பக்கம் ஏர்போர்ட் வருது, நடுவுல நாம இருக்கோம்னு கணக்குப் போட்டார். அடுத்த வாரமே போர்டு மாறுச்சு. விசிட்டிங் கார்டுல "சேர்மன்"னு வந்துச்சு. ஆபீஸ்ல இருந்ததே அவரு, நானு, பெருக்கறதுக்கு வர அம்மா. இதுக்கு ஒரு சேர்மன். வர கஸ்டமர் கிட்டல்லாம் "ஏர்போர்ட் கண்டிப்பா வந்துடும், அடுத்த டூரு நம்ம ஊர்ல இருந்தே ஏறலாம்"னு சொல்லச் சொன்னார். நான் சொல்லல.

ஏன் சொல்லலன்னா, எனக்கு வேலை கத்துக்குடுத்த மேடம் ஒருத்தங்க இருந்தாங்க. பேரு சொன்னா அவங்களுக்குப் புடிக்காது. கோபம் வந்தா ஸ்டேப்ளர் பறக்கும். நான் சேந்த புதுசுல ஒரு கஸ்டமர் கிட்ட "கண்டிப்பா கன்ஃபர்ம் ஆயிடும் சார்"னு சொன்னதுக்கு, அவர் படியிறங்கற வரைக்கும் பொறுத்திருந்துட்டு, "கண்டிப்பான்னு சொல்ல நீ யாரு, வண்டி ஓட்டறவளா?"ன்னு கேட்டாங்க. அதோட அந்த வார்த்தை என் வாயில இருந்து போயிடுச்சு.

அவங்களைப் பத்தி இன்னொண்ணும் சொல்லணும், பின்னாடி தேவைப்படும். ஒரு தடவை ஒரு கொழந்தைக்கு மொட்டை போட, மலைக்கோயிலுக்குப் பஸ்ஸுல ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கினு போனோம். பாதி வழியில பஸ்ஸு படுத்துக்கிச்சு. ஒரு சின்ன வேன்தான் கெடைச்சுது. உடனே ஆளாளுக்கு முண்டியடிச்சாங்க. கூட்டத்துல ஊர்ப் பெரிய மனுஷன் ஒருத்தர், "நான் போயி அங்க எல்லா ஏற்பாடும் பண்றேன்"னு ஒரு காலை வேன்ல வெச்சுட்டார். எங்க மேடம் அந்தக் காலைப் பாத்தாங்க. "சார், மொட்டை உங்களுக்கா?"ன்னு கேட்டாங்க. காலு இறங்கிடுச்சு. கொழந்தையையும், அதை மடியில வெச்சுக்க வேண்டிய தாய்மாமனையும், பெத்தவளையும் ஏத்தி அனுப்பினாங்க. மத்தவங்கல்லாம் ரோட்டோரம் வெள்ளரிக்கா தின்னுக்கினு நின்னோம். "யாரு இல்லாட்டி இந்தப் பயணமே இல்லையோ, அவங்கதான் மொதல்ல"ன்னாங்க. அம்மாந்தான் பாடம்.

இப்ப விஷயத்துக்கு வரேன்.

எங்க ஊர்ல தறி வெச்சிருக்கற வீடு ஒண்ணு. வசந்தான்னு அந்த வீட்டம்மா, அவங்க பொண்ணு திவ்யா. திவ்யாவுக்கு கம்ப்யூட்டர் வேலை. கல்யாணத்தை வடக்கே ஒரு மலையடிவார ஊர்ல, ஏரிக்கரை ஓட்டல்ல வெச்சுக்கலாம்னு மாப்பிள்ளை வீட்டுல ஆசைப்பட்டாங்க. இப்பல்லாம் இதுக்குப் பேரு டெஸ்டினேஷன் வெட்டிங். எங்க சேர்மனுக்குத் தலைகால் புரியல. அந்த ஊர்ல புதுசா ஒரு குட்டி ஏர்போர்ட் தொறந்திருந்தாங்க. வாரத்துல சில நாள் மட்டும் சின்ன பிளேன் போவும். "நம்ம ஊருக்கும் இது மாதிரிதான் வரப்போவுது, இதை நாம செஞ்சு காமிச்சா நாளைக்கு எல்லாக் கல்யாணமும் நம்ம கையில"ன்னார்.

டிக்கெட் போட வசந்தா வந்தப்ப கூடவே அவங்க அண்ணன் வந்தார். ஏழுமலைன்னு பேரு. தென்னேரி தாண்டி ஒரு கிராமம், பயிர் வெக்கிறவர். வெள்ளைச் சட்டை, தோள்ல துண்டு. எல்லாரும் சாப்பாடு வெஜ்ஜா நான்வெஜ்ஜான்னு பேசிக்கினு இருக்கறாங்க, இவரு எழுந்து என் மேஜைகிட்ட வந்தார்.

"எனக்கு ஜன்னல் ஓரமா குடும்மா."

"குடுக்கறேன்ணா. மொத தடவையா? மேகமெல்லாம் நல்லா தெரியும்."

"மேகத்துக்கு இல்லம்மா. எங்க நெலத்து மேலதான் பிளேன் எறங்கப் போவுதுன்னு கல்லு நட்டு அளந்துட்டுப் போயிருக்கறாங்க. அது எப்பிடி எறங்குது, எம்மாம் எடம் அதுக்கு வேணும்னு ஒரு தபா பாத்துட்டு வந்துடறேன்."

நான் சிரிச்ச மூஞ்சோடவே நின்னுட்டேன். அந்தச் சிரிப்பை எங்க வெக்கிறதுன்னு தெரியல. வழியில மாறற ரெண்டு பிளேனுக்கும் போக வர ஜன்னல் சீட்டே போட்டுக் குடுத்தேன்.

கெளம்பற நாளு வந்துச்சு. சென்னையில ஏறி, வடக்கே ஒரு பெரிய ஊர்ல எறங்கி, அங்க இருந்து சின்ன பிளேன் மாறணும். மறுநாள் காலையில முகூர்த்தம். நம்ம ஊரு ஜனம் கல்யாணத்துக்குக் கெளம்பினா எப்பிடி இருக்கும்னு உங்களுக்குச் சொல்லணுமா? சீர்வரிசைத் தட்டு, அதிரசம், முறுக்கு, ஆளுக்கு ஒரு பட்டுப் பெட்டி. கூறைப்புடவையை மட்டும் வசந்தா மடியை விட்டு எறக்கல. ஸ்கேன் பண்ற எடத்துல அதைப் பெல்ட்டுல வெக்கச் சொன்னதுக்கே அந்த அம்மா கண்ணு கலங்கிடுச்சு. ஜரிகை இருக்கறதால மிஷின்ல கருப்பாத் தெரிஞ்சுது போல. அங்க நின்ன தமிழ் தெரியாத போலீஸ்காரன் பிரிச்சுக் காட்டுன்னான். "முகூர்த்தத்துக்கு முன்னாடி பிரிக்கக் கூடாதுங்க"ன்னு தமிழ்லயே சொல்லுச்சு. அவனுக்கு என்ன புரிஞ்சுதோ, ஒரு பொம்பள போலீசைக் கூப்பிட்டான். அந்தம்மா ஓரத்தை லேசாத் தூக்கிப் பாத்துட்டு, கும்புட்டு அனுப்பிச்சு.

இதெல்லாம் சில்லறை. பெரிய கூத்து மாறுற ஊர்ல நடந்துச்சு. கவுண்டர்ல இருந்த பொண்ணு என்னைக் கூப்பிட்டு இந்தியில, "மேடம், வெயில் ஜாஸ்தி, அங்க ரன்வே சின்னது, இவ்ளோ எடையோட பிளேன் போவ முடியாது. ஒண்ணு இந்தப் பெரிய மூட்டைங்க நிக்கணும், இல்ல ஒரு ஆள் நிக்கணும். அடுத்த பிளேன் நாளன்னைக்கு. சீக்கிரம் சொல்லுங்க"ன்னுச்சு.

எந்தப் பெரிய மூட்டைன்னு போயிப் பாத்தேன். சாக்குத் துணி சுத்தின இரும்புக் கம்பிங்க. எங்க கூட்டத்துல பெட்டி கம்மியா வெச்சிருந்தவங்க பேர்லல்லாம் பிரிச்சுப் பிரிச்சுப் போட்டு எங்க சேர்மன் ஏத்திக்கினு வந்திருக்கார். மடிச்சுப் பிரிக்கிற கோபுர ஆர்ச். மேடைக்குப் பின்னாடி நிக்க வெக்க. கலர் லைட்டு சுத்தி ஓடும். நடுவுல பொண்ணு மாப்பிள்ளை பேரு சின்னதா, எங்க டிராவல்ஸ் பேரு பெருசா. அந்த ஆர்ச்சு சரியா ஒரு ஆள் எடை.

நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி சேர்மன் முடிவு பண்ணிட்டார். கோட்டு வேற போட்டிருந்தார், அந்த வெயில்ல. கூட்டத்தை ஒரு பார்வை பாத்தார். கண்ணு ஏழுமலை அண்ணன் மேல போயி நின்னுச்சு.

"இவரு நாளன்னைக்கு வரட்டும். தனி ஆள்தானே, ரூம் போட்டுக் குடுத்துடறேன்."

வசந்தா கூறைப்புடவையோட முன்னாடி ஓடி வந்துச்சு. "சார், எங்கண்ணன் சார். பட்டம் கட்டணும் சார்."

நம்ம பக்கத்துல கல்யாணம்னா தாய்மாமன்தான் கல்யாணப் பொண்ணு நெத்தியில பட்டம் கட்டி, கையப் புடிச்சு மேடைக்குக் கூட்டிக்கினு வரணும். அப்பறந்தான் தாலி. சேர்மனும் இந்த ஊர்ல பொறந்தவர்தான், அவருக்கும் அவங்க மாமன்தான் கட்டினார். ஆனா அவரு சொல்றார், "வீடியோ கால்ல பண்ணிக்கலாம்மா. கொரோனா டைம்ல எல்லாக் கல்யாணமும் அப்பிடித்தானே நடந்துச்சு? இது நியூ நார்மல்."

ஒரு ஊரே வாயக் கட்டிக்கினு, செத்தவங்க மூஞ்சியக் கூட பாக்க முடியாம பொழைச்சுக் கெடந்துச்சு. அதுல இருந்து இந்த மனுஷன் கத்துக்கினது இது ஒண்ணுதான். எனக்குப் பத்திக்கினு வந்துச்சு.

அதுக்குள்ள ஏழுமலை அண்ணன் பெட்டிய எடுத்து ஓரமா வெச்சுட்டார். கோபமே இல்ல அவர் மூஞ்சில. "வுடு வசந்தா. நான் நின்னுக்கறேன். எடத்தைக் காலி பண்ணிக் குடுக்கறது எனக்கு இப்பப் பழகிக்கினு வருது"ன்னார்.

கேளுங்கப்பா. எங்கப்பா முசரவாக்கத்துல அடுத்தவங்க நெலத்துல கூலிக்கு வேலை செஞ்சவர். எங்களுக்குன்னு ஒரு கைப்பிடி மண்ணு கெடையாது, அதனால நெலம் போற வலி எனக்குத் தெரியும்னு பீத்திக்க மாட்டேன். ஆனா "நீ அப்பறமா வா"ன்னு சொல்ற குரல் இருக்குதே, அதைச் சின்ன வயசுல இருந்து கேட்டிருக்கறேன். கெணத்தடியில கேட்டிருக்கறேன், பந்தியில கேட்டிருக்கறேன். கோட்டுப் போட்டுக்கினு வந்தாலும் அந்தக் குரல் எனக்கு அடையாளம் தெரியும்.

டிக்கெட் போட்ட கூட்டத்துக்குப் பொறுப்பு என் பேர்லதான் இருந்துச்சு. நான் சொன்னாத்தான் கவுண்டர்ல கேப்பாங்க. நான் போயி, "மூட்டைங்க நிக்கட்டும். ஆளுங்க எல்லாரும் போவோம்"னு சொல்லிட்டேன்.

"மேடம்! அதைப் பாக்கத்தான் நாளைக்கு ஒரு பெரிய மனுஷன் வராரு. ஏர்போர்ட் பக்கத்துல நமக்கு மண்டபம் கட்டப் பணம் போடப் போறவரு. நான் யாருன்னு மறந்துட்டீங்களா?"ன்னார் சேர்மன்.

"மறக்கல சார். நீங்க சேர்மன். அதான் உங்களுக்கும் சீட்டு வெச்சிருக்கறேன். ஆர்ச்சு போயே ஆவணும்னா நீங்க இங்க நில்லுங்க. உங்க எடைக்கு அது தாராளமா ஏறும்."

கவுண்டர் பொண்ணுக்குத் தமிழ் தெரியாது. இருந்தாலும் சிரிச்சுடுச்சு. அதுவரைக்கும் போனையே பாத்துக்கினு இருந்த திவ்யா வந்து மாமன் பெட்டிய எடுத்துத் திரும்ப வரிசையில வெச்சுது. "ஆர்ச் வேணும்னு நான் கேக்கவே இல்லக்கா"ன்னுச்சு. சேர்மன் என்னைப் பாத்த பார்வையிலயே என் வேலை போயிடுச்சுன்னு தெரிஞ்சுது. பயமாத்தான் இருந்துச்சு, ஏன் பொய் சொல்லணும். அந்த வயசுல வேற எவன் வேலை குடுப்பான்? ஆனா செத்துப்போன எங்க மேடம் மேலோகத்துல இருந்து ஸ்டேப்ளர் வீசிடுவாங்களோன்ற பயம் அதைவிடப் பெருசு.

சின்ன பிளேன் ஏறினோம். எனக்கு ஏழுமலை அண்ணன் பக்கத்து சீட்டு. அந்த மனுஷன் கழுத்தைத் திருப்பவே இல்ல. எறங்கறப்ப, ஓடுதளம் வந்து, போயிக்கினே இருந்துச்சு. "இன்னும் போவுதே, இன்னும் போவுதே"ன்னு அவர் வாய் முணுமுணுத்துச்சு. இதுவே சின்ன ஏர்போர்ட்டுன்றதை நான் சொல்லல.

ஏர்போர்ட்டைப் பத்திச் சொல்லணுமே, வாய்ப்புகள்னு தலைப்பு குடுத்திருக்கீங்களே! கண்ணாடிக் கட்டடம், பளபளன்னு தரை, குளுகுளுன்னு ஏசி. ஆளத்தான் காணோம். எங்க கூட்டம் எறங்கினதும் அங்க இருந்த ஊழியருங்க எல்லாரும் எழுந்து நின்னாங்க, மாப்பிள்ளை அழைப்பு மாதிரி. கடைங்களுக்கு எடம் விட்டிருந்தாங்க, கடை வரல. டாக்சின்னு போர்டு இருந்துச்சு, டாக்சி வரல. ஓட்டல் வண்டி வர வரைக்கும் வெளியில நின்னோம். கேட்டுக்கு அந்தாண்ட சைக்கிள்ல ஒருத்தர் டீ வித்துக்கினு இருந்தார். ஏழுமலை அண்ணன் நேரா அவர்கிட்ட போயிட்டார். எனக்குக் கொஞ்சம் இந்தி வரும்ன்றதால என்னையும் கூப்பிட்டார்.

"இது யாரு நெலமா இருந்துச்சுன்னு கேளும்மா."

கேட்டேன். டீக்காரர் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அவருடையதும் அதுல இருந்துச்சாம். கடுகு போடுவாங்களாம். வேலை தரேன்னு சொன்னாங்களாம். குடுத்தாங்களாம், தள்ளுவண்டி தள்ற வேலை. பிளேன் வர நாளைக்கு மட்டும் கூப்பிடுவாங்களாம். அப்பறம் அதுவும் கொறஞ்சு போயி, இப்ப டீ விக்கிறார்.

ஏழுமலை அண்ணன் ஒரு வாய் டீ குடிச்சார். வெல பேசல, நஷ்ட ஈடு எம்மாம்னு கேக்கல. "கெணறு எங்க இருந்துச்சுன்னு கேளும்மா"ன்னார்.

டீக்காரர் எழுந்து நின்னு, கம்பி வேலி வழியா, ஓடுதளம் ஆரம்பிக்கிற எடத்துல வெள்ளையாப் பெருசா எழுதியிருந்த நம்பரைக் காட்டினார். அதுக்கு அடியில. ரெண்டு பேரும் அந்தப் பக்கமே பாத்துக்கினு நின்னாங்க. ஒருத்தர் பாஷை ஒருத்தருக்குத் தெரியாது. என்னை அதுக்கப்பறம் எதுவும் கேக்கல.

மறுநாள் கல்யாணம் நல்லா நடந்துச்சு. ஓட்டல்காரன் செவந்தி மாலையால பந்தல் போட்டிருந்தான். ஆர்ச்சு இல்லன்னு ஒருத்தருக்கும் தெரியல. பணம் போட வந்த பெரிய மனுஷன் அதிரசம் நல்லா இருக்குதுன்னு மூணு தடவை வாங்கித் தின்னுட்டு, மண்டபத்தைப் பத்தி யோசிச்சுச் சொல்றேன்னுட்டுப் போனார். ஏழுமலை அண்ணன் பட்டத்தை அவசர அவசரமா கட்டினார். திவ்யா குனிஞ்சு, "மெதுவா மாமா, பிளேன் போயிடாது"ன்னுச்சு. எல்லாரும் சிரிச்சோம், நானும் கொஞ்சம் அழுதேன்.

திரும்பி வரப்ப பிளேன் மேல ஏறினதும் அவர் கீழயே பாத்துக்கினு இருந்துட்டு, "மேல இருந்து பாத்தா எது யாரு நெலம்னே தெரியலம்மா. அதான் எல்லாரும் மேலயே இருந்துக்கினு பாக்கறாங்க போல"ன்னார்.

ஊருக்கு வந்த வாரமே எனக்குச் சால்வை போத்தினாங்க. சேர்மனே போத்தினார், போட்டோவும் எடுத்துக்கினார். அதைத்தான் நீங்க ஓய்வுன்னு நோட்டீஸ்ல போட்டிருக்கீங்க. சந்தோஷம். அந்த ஆர்ச்சு திரும்பி வந்து ஆபீஸ் மாடியில துருப்புடிச்சுக்கினு இருக்குது, போனா பாருங்க.

உங்களுக்குன்னு நான் சொல்றது கொஞ்சந்தான். ஏர்போர்ட் வரட்டும், வராம போவட்டும், அது உங்க கையில இல்ல, என் கையிலயும் இல்ல. டிக்கெட் கேட்டு எதிர்ல உக்காந்திருக்கற ஆளு உங்க கையில இருக்கறார். அவர்கிட்ட "கண்டிப்பா"ன்னு சொல்லாதீங்க. யாரையாவது எறக்கி வுட்டுத்தான் ஆவணும்னு ஒரு நாள் வரும், வராம இருக்காது. அப்ப எவன் வாயில்லாம ஓரமா நிக்கறானோ அவன் மேல உங்க கண்ணு தானாப் போவும். போனா, அங்க இருந்து கண்ணை எடுங்க.

போன வாரம் ஏழுமலை அண்ணன் எங்க வீட்டுக்கு வந்தார். நான் இப்ப வீட்டுல இருந்தே தெரிஞ்சவங்களுக்கு டிக்கெட் போட்டுக் குடுக்கறேன். அந்த டீக்காரர் வீட்டுல பொண்ணுக்குக் கல்யாணமாம். யாரையோ புடிச்சு போன்ல பேசி இவரைக் கூப்பிட்டிருக்கார். போவணும்னார். லேப்டாப்பைத் தொறந்து தேடினேன். அந்த ஊருக்கு இப்ப பிளேனே இல்ல. ஆளு சேரலன்னு நிறுத்திட்டாங்க.

"பிளேன் இல்லண்ணா. அந்த ஏர்போர்ட்டு சும்மா கெடக்குது. ரயில்லதான் போவணும்."

"அப்ப அவங்க நெலத்தைத் திருப்பிக் குடுத்துட்டாங்களாம்மா?"ன்னு கேட்டார். நெஜமாத்தான் கேட்டார், கிண்டல் இல்ல.

எனக்கு எல்லாத்துக்கும் வாயி உண்டு, உங்களுக்கே தெரியும். அன்னிக்கு ரயிலைத் தேடற மாதிரி கீழ குனிஞ்சுக்கினேன். அப்பிடியே, "ஜன்னல் ஓரமா போடட்டுமாண்ணா?"ன்னு கேட்டேன்.

"வேணாம்மா"ன்னார். "பாத்தாச்சு."